காசும் கேஷும்: சொல்வேர் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி தன் கட்டுரையைக் காட்டினார். முதல் வரியே ‘ஆங்கிலத்தின் கேஷ் நம் காசுதான்’. எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடம் முன்னால் இதே வரியை ஒரு விழா மலரில் எழுதி, ஐந்நூறு பிரதி ஊரெல்லாம் போன பிறகு அசடு வழிந்தவன் நான்.

ஒலி ஒத்தால் வேரும் ஒன்று என்று நம்புவது

கல்லாவில் புழங்கும் கேஷ், பணப்பெட்டியிலிருந்து வந்தது. லத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி. அதிலிருந்து இத்தாலியில் ‘காஸ்ஸா’. ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் பெட்டியைக் குறித்தது, அப்புறம் அதற்குள் கிடந்த பணத்தை. நம் காசுக்கு இதில் பங்கே இல்லை.

ஆனால் வம்பு அங்கே முடியவில்லை. ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் இருந்தது, ஒரு சில்லறை நாணயத்தின் பெயராக. அது நம் காசேதான். போர்ச்சுகீசியர் வாயில் காசு ‘கைஷா’ ஆனது. அவர்கள் மொழியில் கைஷா என்றாலும் பெட்டிதான்! அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். 80 காசு ஒரு பணம் (அப்போது அது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் (பொன் நாணயம்) என்று சென்னையில் 1818 வரை கணக்கு நடந்தது.

மலரைப் படித்துவிட்டு, பழைய நாணயம் சேர்க்கும் பெரியவர் ஒருவர் வீடு தேடி வந்தார். என் உள்ளங்கையில் ஒரு செப்புக்காசை வைத்தார். 1803ஆம் வருடத்தது. திருப்பினால், ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’. “தம்பி, நீங்க எழுதினது இதுக்குப் பொருந்தும். கடைக்காரர் கேக்குற கேஷுக்குப் பொருந்தாது” என்றார். முழுக்கத் தப்பாக எழுதியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. எந்தப் பொருளில், யார் வாய் வழியாக வந்தது என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், பார்க்கவில்லை.

இந்தியில் இருந்தால் இந்திச் சொல் என்பது

இந்தியின் ‘சாபி’யும் நம் சாவியும் அண்ணன் தம்பி, அப்பா மகன் இல்லை. இரண்டுக்கும் தாய் போர்ச்சுகீசிய ‘சாவெ’. அது வருவதற்கு முன்பு நம்மிடம் திறவுகோல் இருந்தது.

சொல்லை நறுக்குவது

நாற்காலிக்கு நான்கு கால், சரி. அதற்காக அலமாரியை ‘அலை, மாறி’ என்று வெட்டினால்? அதுவும் போர்ச்சுகீசியர் விட்டுப்போன ‘அர்மாரியு’தான்.

வாட்ஸ்அப்

வேண்டாம்.