சத்தமில்லாமல் மூழ்கும் குழந்தை: கரையில் இருப்பவர் என்ன பார்க்க வேண்டும்?

மூழ்குகிறவர் கையை ஆட்டி, "காப்பாத்துங்க" என்று கத்துவார் என்றே பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு கணம் மூச்சு இழுக்கவே போதாது. அப்புறம் எங்கே கத்துவது? நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து இதை விளக்கினார். இந்தப் போராட்டம் 20 முதல் 60 வினாடிகளில் முடிந்துவிடும் என்கிறார் அவர்.

முதல் படி: இறங்கும் முன்பே காவலுக்கு ஆள் வையுங்கள்

குடும்பமாக ஆற்றுக்குப் போனால் கரையில் பத்துப் பெரியவர்கள் இருப்பார்கள். 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று பத்துப் பேரும் இருந்துவிடுவார்கள். "இப்போ சித்தப்பா பாக்குறார்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து ஆளை மாற்றுங்கள். நீச்சல் தெரியாத குழந்தை என்றால் கரையில் நின்று பார்ப்பது போதாது, கைக்கெட்டும் தூரத்தில் நீங்களும் தண்ணீரில் இருக்க வேண்டும். காற்றடைத்த டியூபை நம்பவே வேண்டாம்.

இரண்டாம் படி: முகத்தையும் உடம்பையும் பாருங்கள்

உடம்பு தண்ணீரில் நெட்டுக்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்திருக்கும். அந்த வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போவதும் மேலே வருவதுமாக இருக்கும். கைகள் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவது போலத்தான் தெரியும். முடி முகத்தில் விழுந்தாலும் குழந்தை ஒதுக்காது. கண் எதையும் பார்க்காமல் வெறித்திருக்கும்.

சந்தேகம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரவில்லையா, உடனே போங்கள். கூச்சலும் கும்மாளமுமாக இருந்த குழந்தைகள் திடீரென்று அமைதியானாலும் அப்படித்தான்.

மூன்றாம் படி: குதிக்காமல் காப்பாற்றுங்கள்

2022 ஜூனில் கடலூர் மாவட்டம் கெடிலம் ஆற்றில் சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் இறந்தார்கள். ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற மற்றவர்கள் இறங்கியதும் அதற்கு ஒரு காரணம். மணல் அள்ளிய பள்ளமும் தடுப்பணை ஓரமும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வேட்டி, துப்பட்டா, கம்பு, எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள். எட்டவில்லை என்றால் இறுக மூடிய காலித் தண்ணீர் கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். போகும்போதே இரண்டையும் வண்டியில் எடுத்துப்போவது நல்லது.

நான்காம் படி: வெளியே எடுத்த பிறகு

தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். நம் ஊரில் இன்றும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். இதில் மூச்சு கொடுக்க வேண்டிய நேரம் வீணாகிறது, வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. ஒருவர் 108ஐ அழைக்கட்டும். குழந்தைக்கு மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊதுங்கள். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். அசைவே இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், பிறகு 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை இப்படியே தொடருங்கள்.

குழந்தை கண் விழித்துப் பேசினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரலாம்.