லோக்கல் போஸ்ட்கிரஸ்: டாக்கர் கம்போஸில் அமைப்பது எப்படி

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை மெஷினில் நேரடியாக நிறுவினால், இரண்டாவது புராஜெக்ட் வேறு வெர்ஷன் கேட்கும் நாளில் தலைவலி தொடங்கும். அதற்குப் பதில், டேட்டாபேஸை கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் கம்போஸ் ஃபைல் ஒன்றை எழுதி, கோடோடு சேர்த்து கிட்டில் போட்டுவிடுங்கள்.

இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) டேகில், அதாவது வெர்ஷன் குறியில், 'லேட்டஸ்ட்' வேண்டாம். புரொடக்‌ஷனில் 16 என்றால் இங்கும் 16. மேஜர் வெர்ஷன் மாறினால் பழைய டேட்டா ஃபைல்களைப் புது சர்வர் ஏற்காது, கிளம்பவே மறுக்கும். பழையதில் டம்ப் (டேட்டாவின் நகல் ஃபைல்) எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டியிருக்கும்.

போர்ட் வரியில் இடப்பக்கம் உங்கள் மெஷின், வலப்பக்கம் கன்டெய்னர். போஸ்ட்கிரஸின் வழக்கமான போர்ட்டான 5432 ஏற்கெனவே பிடிபட்டிருந்தால் இடப்பக்கத்தை மட்டும் 5433 ஆக்குங்கள். முன்னால் 127.0.0.1 சேர்த்தால் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவர்கள் உள்ளே வர முடியாது. ஆப்பும் கம்போஸிலேயே ஓடினால் ஹோஸ்ட் இடத்தில் சர்வீஸ் பெயர், போர்ட் 5432. அங்கே 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் ஆப் கன்டெய்னரையே குறிக்கும்.

டேட்டாவுக்குப் பெயரிட்ட வால்யூம் (கன்டெய்னர் அழிந்தாலும் நிலைக்கும் சேமிப்பிடம்) ஒன்று அவசியம். 17 வரையிலான அதிகாரபூர்வ இமேஜ்களில் அதை 'போஸ்ட்கிரஸ்கியூஎல்' டைரக்டரிக்குள் இருக்கும் 'டேட்டா'வில் மவுன்ட் செய்ய வேண்டும். 18 முதல் ஒரு படி மேலே, 'போஸ்ட்கிரஸ்கியூஎல்' டைரக்டரியிலேயே.

பலரும் மாட்டிக்கொள்வது பாஸ்வேர்டில்தான். ஃபைலில் மாற்றி, ரீஸ்டார்ட் செய்தும் ஆப் உள்ளே போகாது. யூசர், பாஸ்வேர்ட், டேட்டாபேஸ் பெயர் மூன்றும் வால்யூம் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே படிக்கப்படும். டேபிள் உருவாக்கும் இனிட் ஸ்கிரிப்ட்களுக்கும் இதே கதி. டேட்டா வேண்டுமென்றால் 'ஆல்டர் ரோல்' என்ற எஸ்கியூஎல் கட்டளை கொடுத்து மாற்றுங்கள். வேண்டாமென்றால் கம்போஸ் 'டவுன்' கட்டளையோடு 'மைனஸ் வி' சேர்த்து வால்யூமையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். வெறும் 'டவுன்' வால்யூமைத் தொடாது. கன்டெய்னருக்குள் நுழைந்து போஸ்ட்கிரஸின் கட்டளைவரிக் கருவியான பீஎஸ்கியூஎல் மூலம் பாஸ்வேர்டைச் சோதிப்பதில் பலனில்லை: உள்ளிருந்து வரும் இணைப்புகளை அந்த இமேஜ் பாஸ்வேர்ட் கேட்காமலே விட்டுவிடும், தப்பான பாஸ்வேர்டும் சரிபோலத் தோன்றும்.

டேட்டாபேஸுக்குப் பிறகு ஆப் கிளம்ப, கம்போஸ் ஃபைலில் 'டிபெண்ட்ஸ் ஆன்' மட்டும் போட்டால் கன்டெய்னர் கிளம்பும் வரிசைதான் கிடைக்கும். டேட்டாபேஸ் தயாரா என்று அது பார்க்காது. சர்வர் தயாரா என்று கேட்கும் பீஜி-இஸ்ரெடி கருவியை ஹெல்த்செக்காக வைத்து, 'சர்வீஸ் ஹெல்தி' நிபந்தனையைச் சேருங்கள். அதில் ஹோஸ்ட்டாக 127.0.0.1 குறிப்பிடுவது நல்லது. முதல் தடவை இனிட் ஸ்கிரிப்ட்கள் ஓடும்போது ஒரு தற்காலிக சர்வர், நெட்வொர்க் முகவரியில் அல்லாமல், கன்டெய்னருக்குள் இருக்கும் சாக்கெட்டில் மட்டும் பதில் சொல்லும். ஹோஸ்ட் இல்லாத ஹெல்த்செக் அதையே 'ரெடி' என்று நம்பி, பாதி உருவான டேபிள்கள் மீது ஆப்பை ஓடவிட்டுவிடும்.