மஸ்கி பிடிக்க ஏரி தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மஸ்கி என்ற பெரிய நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கப் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்த லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) வாங்கலாம், எந்த ரீல் நல்லது என்பதைத்தான். அதெல்லாம் அப்புறம். எந்தத் தண்ணீருக்குப் போகப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் படகு, நூல், லூர், போகும் மாதம், லைசன்ஸ் எல்லாமே அதை வைத்துத்தான் மாறும். ஒன்ராறியோவிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் மிச்சிகன், விஸ்கொன்சின், மினசோட்டா மாநிலங்களிலும் அருமையான மஸ்கி ஏரிகள் இருக்கின்றன. ஆனால் ஒன்றில் பலிக்கும் வித்தை இன்னொன்றில் பலிக்காது.

பெரிய தவறு, சாதனைப் பட்டியலைப் பார்த்து ஏரியைத் தேர்ந்தெடுப்பது. விஸ்கொன்சினில் ஹேவர்ட் என்ற சிறிய ஊர் இருக்கிறது. உலக சாதனை என்று சொல்லப்படும் இரண்டு மஸ்கிகளும் அந்த வட்டாரத்தில்தான், அதுவும் ஒரே ஆண்டில், 1949இல் பிடிபட்டவை. ஒன்று சிப்பெவா ஃபுளோவேஜ் நீர்த்தேக்கத்தில், 69 பவுண்டு 11 அவுன்ஸ். மற்றது லாக் கூர்ட் ஒரேய் ஏரியில், 67 பவுண்டு 8 அவுன்ஸ். இரண்டின் எடையைப் பற்றியும் இன்றுவரை சண்டை ஓயவில்லை. சிப்பெவா இன்றைக்கும் அழகான நீர்த்தேக்கம்தான், போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் எழுபத்தைந்து வருடத்துக்கு முந்தைய மீனை நம்பி விடுமுறையைத் திட்டமிடக் கூடாது. மினசோட்டாவின் மாநில சாதனை மீன் 2021 நவம்பரில் மில் லாக்ஸ் ஏரியில் பிடிபட்டது, ஏறக்குறைய 56 பவுண்டு. அதற்கு முன் 1957இலிருந்து அந்தச் சாதனை வின்னிபிகோஷிஷ் ஏரியிடம் இருந்தது. எந்த ஏரியின் பெயரும் நிலையானது அல்ல.

பழைய புகழை நம்புவதும் இதே வகைதான். சென்ட் லோரன்ஸ் ஆற்றின் ஆயிரம் தீவுகள் பகுதியில் 2005, 2006 வாக்கில் விஎச்எஸ் என்ற வைரஸ் நோய் பரவி, முட்டையிடும் வயதிலிருந்த பெரிய மஸ்கிகள் ஏராளமாகச் செத்து மிதந்தன. அதற்கு முன்னால் அங்கே மீன்பிடித்தவர்கள் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இதற்கு நேர்மாறாக, மஸ்கியே கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்த விஸ்கொன்சின் கிரீன் பே வளைகுடாவில் 1989 முதல் குஞ்சுகள் விட்டு வளர்த்தார்கள், இன்று அங்கே 50 அங்குலத்தைத் தாண்டிய மீன்கள் கிடைக்கின்றன. ஆகவே கடந்த நான்கைந்து வருட நிலவரத்தை விசாரியுங்கள். ஏரிக்கரையில் இருக்கும் தூண்டில் கடைக்காரரிடம் பேசினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது, முதல் மீனே ராட்சத மீனாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். பத்தாயிரம் தடவை வீசினால் ஒரு மஸ்கி என்று சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் ஒன்ராறியோவின் ஜோர்ஜியன் வளைகுடா போன்ற தண்ணீருக்கு அது பெரிய மிகை இல்லை. அங்கே மீன்கள் பெரியவை, எண்ணிக்கை குறைவு, பரப்போ கடல் மாதிரி. பழகாதவர் ஒரு வாரம் வீசிவிட்டு ஒரு மீனைக்கூடப் பார்க்காமல் திரும்பலாம். ரொறன்ரோ, ஸ்காபரோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது கவார்த்தா ஏரிகளைத்தான். ஸ்கூகொக், பிஜன், பக்ஹோர்ன், ரைஸ் எல்லாமே காரில் போய் அன்றைக்கே திரும்பக்கூடிய தூரம். மீன்கள் பொதுவாக அவ்வளவு பெரிதாக இருக்காது, ஆனால் எண்ணிக்கை அதிகம். தண்ணீர்ச் செடிகளின் ஓரமாக வீசினால் லூரைத் துரத்தி வரும் மீனையாவது பார்க்கலாம், அதைப் பார்த்தால்தான் இந்த மீனின் குணம் பிடிபடும். மஸ்கி படகு வரைக்கும் பின்னாலேயே வந்து கடைசி நொடியில் யோசிக்கும். லூரை உடனே தூக்கிவிடாமல் கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, படகோரத்தில் லூரை 8 என்ற எண்ணின் வடிவத்தில் அகலமாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இந்த எட்டைப் போட வேண்டும், மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். இதைப் பழகக் கவார்த்தாவை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

படகு விஷயத்தில் அலட்சியம் உயிருக்கே ஆபத்து. ஒன்ராறியோவுக்கும் மிச்சிகனுக்கும் நடுவே இருக்கும் சென்ட் கிளேர் ஏரியின் சராசரி ஆழம் 11 அடிதான் என்று கேட்டதும் சிலர் சின்னப் படகு போதும் என்று நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். ஆழமில்லாத அகன்ற ஏரியில் காற்று எழுந்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வந்து அறையும். மில் லாக்ஸும் அப்படித்தான். ஒன்ராறியோ, மினசோட்டா எல்லையில் இருக்கும் லேக் ஒஃப் த வூட்ஸ் ஏரியில் பிரச்சினை வேறு: 14,000க்கும் அதிகமான தீவுகள், தண்ணீருக்கு ஒரு அடி கீழே ஒளிந்திருக்கும் பாறைகள். அங்கே முதல் நாளுக்காவது உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பணம் வீண் இல்லை.

ஒரே பாணியை எல்லா ஏரிக்கும் கொண்டுபோவதும் தவறு. லேக் ஒஃப் த வூட்ஸில் பாறை முனைகளையும் தீவுகளின் ஓரங்களையும் பார்த்து வீசலாம். சென்ட் கிளேரில் அப்படி இலக்கு வைக்க ஒன்றுமே தெரியாது, திறந்த தண்ணீர்தான், ஆகவே அங்கே பலரும் படகை ஓட்டியபடி லூரை இழுத்துப் போகும் ட்ரோலிங் முறையில்தான் மீனைத் தேடுகிறார்கள். மில் லாக்ஸில் இலையுதிர்கால முடிவில் சிஸ்கோ என்ற கொழுத்த மீன்கள் முட்டையிடப் பாறைகளுக்கு வரும்போது, அவற்றின் பின்னால் பெரிய மஸ்கிகளும் வரும். ஜூலையில் செடிக்குள் வீசிய அதே சின்ன லூரோடு நவம்பரில் போய் நின்றால் ஒன்றும் நடக்காது.

சட்டத்தை ஒன்று என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மினசோட்டாவில் மஸ்கி சீசன் ஜூன் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது, ஜோர்ஜியன் வளைகுடாவில் ஜூன் மூன்றாவது சனிக்கிழமை. அதுவரை தடைக்காலம். பிடித்துத் திருப்பி விட்டுவிடலாமே என்று தடைக்காலத்தில் மஸ்கியைக் குறிவைப்பதும் குற்றம்தான். ஜோர்ஜியன் வளைகுடாவில் 137 சென்டிமீட்டருக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ள முடியாது, வேறு மண்டலங்களில் வேறு அளவு. ஒன்ராறியோவில் குறைந்த விலை கொன்சர்வேஷன் லைசன்ஸ் வைத்திருந்தால் ஒரு மஸ்கியைக்கூட எடுத்துப்போக அனுமதி இல்லை. சென்ட் கிளேரின் நடுவே நாட்டு எல்லையே ஓடுகிறது, அந்தப் பக்கம் மீன்பிடிக்க மிச்சிகன் லைசன்ஸ் தனியாக வேண்டும்.

கடைசியாக வெயில். கவார்த்தா போன்ற ஆழம் குறைந்த ஏரிகளில் கோடையில் தண்ணீர் 27 பாகை செல்சியஸைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த மஸ்கி நன்றாக நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிறகு செத்துவிடலாம். அந்த வாரங்களில் மஸ்கியை விட்டுவிட்டு பாஸ் என்ற வேறு மீனைப் பிடியுங்கள். மற்ற நாட்களிலும் ஆழமான ரப்பர் வலை, நீண்ட மூக்குக் குறடு, தூண்டில் முள்ளை வெட்டும் கட்டர் மூன்றும் இல்லாமல் படகை இறக்காதீர்கள். வலைக்குள் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள், வராவிட்டால் யோசிக்காமல் வெட்டிவிடுங்கள். புகைப்படம் வேண்டுமானால் கேமராவைத் தயாராக வைத்த பிறகு மட்டும், இரண்டு கைகளாலும் படுக்கைவாட்டில் தாங்கி ஒரு தடவை தூக்குங்கள், உடனே தண்ணீருக்குள் விடுங்கள்.