பின்மண்டைக் கட்டி ஒபரேஷன்: வீட்டுக்கு வந்தபின் கவனிக்க வேண்டியவை

காலையில் நோயாளியின் தலையணையைப் பாருங்கள். தண்ணீர் போல ஈரம் இருந்தால் மட்டக்களப்பு வெக்கையில் வியர்வை என்றுதான் தோன்றும். காயத்தின்மேல் சுத்தமான கோஸ் துண்டை வைத்து அரை மணித்தியாலம் உட்கார வையுங்கள். தெளிவாக நனைந்தால் மூளைத் தண்ணீர், அதாவது மூளையைச் சுற்றியிருக்கும் தெளிந்த நீர், கசிகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நனையாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் காட்டுங்கள்.

இந்தத் தண்ணீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் சுரக்கிறது. சிறுமூளைக்கு முன்னாலுள்ள, மூளையின் நாலாவது நீரறை வழியாகத்தான் அது வடிய வேண்டும். கட்டியின் மிச்சமோ வீக்கமோ அந்த வழியை அடைத்தால் அழுத்தம் ஏறி, ஒபரேஷனில் தைத்த மூளை உறைச் சவ்வின் இடைவெளியால் வெளியே தள்ளும். சிலருக்குக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பின் காற்றறைகள் வழியாகப் போய், குனியும்போது மூக்கால் சொட்டும், தொண்டையில் உப்புக் கரிக்கும். பிடரியில் மெத்தென்ற வீக்கம் இருமும்போது புடைப்பதும் இதே கதைதான். அமுக்காதீர்கள், மஞ்சளோ எண்ணெயோ போடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கசியும் வழியால் கிருமி உள்ளே போனால் மூளைக்காய்ச்சல் வரும். ஒரு தையல் போட்டு முடிய வேண்டியது உயிராபத்தாகிவிடும்.

மலச்சிக்கல் வரவிடாதீர்கள், முக்கினால் அழுத்தம் ஏறும்.

விழுங்கும் நரம்பு பாதிக்கப்பட்டவருக்குப் பிளேன் டீயை விடத் தடித்த கஞ்சி பாதுகாப்பானது. நேராக உட்கார வைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் சாய்த்து, சிறு கரண்டியால் கொடுங்கள். இருமினாலோ குரல் நனைந்தது போல் மாறினாலோ நிறுத்துங்கள், அது சுவாசப்பைக்குள் போகிறது. கண் மூட முடியாவிட்டால் பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்டுங்கள்.

சிறுமூளையின் எந்தப் பக்கம் பழுதோ உடலின் அதே பக்கம்தான் தள்ளாடும். அந்தப் பக்கம் நின்று பிடியுங்கள். கிணற்றடிக்குத் தனியே விடாதீர்கள்.

டெக்ஸாமெதசோன் என்ற, மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொய்ட் குளிசையை டொக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும், திடீரென நிறுத்தினால் உடல் சோர்ந்து விழும். சாப்பிட்ட பிறகே கொடுங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்கு இரத்தத்தில் சீனி அளவு ஏறும், அடிக்கடி பாருங்கள்.

தலையிடி கூடி, சத்தி எடுத்து, தட்டினாலும் அரைத்தூக்கத்திலேயே கிடந்தால் கிளினிக் நாள்வரை காக்காதீர்கள். தண்ணீர் மீண்டும் தேங்கியிருக்கலாம், ஷண்ட் (அந்தத் தண்ணீரை வடிக்கும் குழாய்) வைத்தவருக்கு அது அடைபட்டிருக்கலாம். 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கள். பொத்துவில், திருக்கோவில் போன்ற தூர இடங்களில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரி தந்த டயக்னோஸிஸ் கார்ட்டையும் (நோய் விவர அட்டை) மிச்சக் குளிசைகளையும் ஒரே பையில் எப்போதும் வைத்திருங்கள்.