ஆங்கரேஜில் கூட்டமாக நடக்க: முதலில் தெரு, அப்புறம் கடலோரம்

அலாஸ்காவின் ஆங்கரேஜுக்கு வருபவர்கள் டோனி நோல்ஸ் கடலோரப் பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள். வந்ததும் நேராகத் தண்ணீரைத் தேடி இறங்கிவிடுகிறார்கள். நான் ஆட்களைக் கூட்டிப்போகும்போது முதலில் ஊருக்குள்தான் நடத்துவேன். 1964 நிலநடுக்கத்தில் இந்தத் தெருக்களுக்கு என்ன ஆனது என்று தெரிந்தால்தான் கடலோரத்தைப் பார்க்கும் கண்ணே மாறும்.

கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் சுற்று இது. 4-வது அவென்யூவும் எஃப் தெருவும் சந்திக்கும் இடத்தில், கூரையில் புல் வளர்ந்த ஒரு மரக்கட்டை வீடு இருக்கிறது. அதுதான் பயணிகள் தகவல் மையம். எல்லோரையும் அங்கே வரச் சொல்லுங்கள். நகர மையத்தில் கிழக்கு மேற்காகப் போவதெல்லாம் எண் போட்ட அவென்யூ, வடக்கு தெற்காகப் போவதெல்லாம் எழுத்துப் பெயர் கொண்ட தெரு. பின்தங்கியவரிடம் போனில் “5-வது அவென்யூ, எல் தெரு” என்றால் போதும், வந்துவிடுவார்.

கிளம்பும் முன்னே முன்னால் போக ஒருவர், கடைசியில் வர ஒருவர் என்று முடிவு செய்துவிடுங்கள். கடைசி ஆள்தான் முக்கியம். வழி முழுக்கத் தெரிந்த, பொறுமையான ஆளைப் போடுங்கள். அவருக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. முன்னால் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் முகம் தெரியும்வரை காத்திருக்க வேண்டும்.

1964 மார்ச் 27, புனித வெள்ளி மாலை. 9.2 அளவு நிலநடுக்கம், ஏறக்குறைய நாலரை நிமிடம். 4-வது அவென்யூவில் கடைகள் வரிசையாகப் பல அடி கீழே இறங்கின. அடியில் இருந்த களிமண் அந்த ஆட்டத்தில் வலுவிழந்ததுதான் காரணம். எஃப் தெருவிலிருந்து ஐ தெருவரை சாவகாசமாக நடந்தால் ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். அந்தத் தூரத்தைப் பேசாமல் நடக்கச் சொல்லுங்கள். நாலரை நிமிடம் எவ்வளவு நீளம் என்பது காலுக்கே தெரிந்துவிடும்.

3-வது அவென்யூவும் எல் தெருவும் சேரும் இடத்தில் நின்றால் எதிர்க்கரையில் சுசிட்னா மலை தெரியும். உறங்கும் பெண் என்று ஊரில் அழைப்பது இதைத்தான். வானம் தெளிந்திருந்தால் வடக்கே தெனாலி சிகரமும் தெரியும். அங்கிருந்து 5-வது அவென்யூ வழியாக இறங்கினால் எல்டர்பெரி பூங்கா. அதிலுள்ள ஆஸ்கார் ஆண்டர்சன் வீடு 1915-ல் கட்டியது. ஊர் உருவானதும் அதே வருடம்தான். பூங்காவின் கீழே ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கவழி; அதைத் தாண்டினால் கடலோரப் பாதை.

சுரங்கவழிக்குள் நுழையும் முன் எல்லோரையும் நிறுத்தி, சேற்றைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீர் வடிந்த நேரத்தில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று, நடக்கலாம் போலத்தான் தெரியும். பனியாறுகள் அரைத்துக் கொண்டுவந்த பொடிமண் அது. கால் வைத்தால் இளகும், உள்ளே போன காலைச் சுற்றி இறுகிப் பிடித்துக்கொள்ளும். இங்கே கடல்நீரின் ஏற்ற இறக்க வித்தியாசம் 9 மீட்டரையும் தாண்டும், தண்ணீர் வேகமாக ஏறும். போட்டோவுக்காகக்கூட யாரும் இறங்கக்கூடாது.

பாதையில் வலப்பக்கமாக நடக்க வேண்டும். பின்னால் வரும் சைக்கிள்காரர் “ஆன் யுவர் லெஃப்ட்” என்று குரல் கொடுத்தால் இடப்பக்கமாகத் தாண்டப் போகிறார் என்று அர்த்தம். சிலர் பதறி இடப்பக்கமே பாய்வார்கள், முதலிலேயே சொல்லிவையுங்கள்.

அடுத்தது மூஸ் என்ற பெரிய மான். பார்க்கச் சாதுவாக வில்லோ இலையைத் தின்றுகொண்டிருக்கும். காதை மட்டும் கவனியுங்கள். காது பின்னால் மடங்கி, பிடரி மயிர் சிலிர்த்தால் கோபம். கூட்டத்தைப் பின்னால் நகர்த்துங்கள். துரத்தினால் ஓடலாம், பெரிய மரத்துக்குப் பின்னால் போய்விட வேண்டும். கரடி என்றால் நேர்மாறு, ஓடவே கூடாது. சேர்ந்து நின்று நிதானமாகப் பேசிக்கொண்டே விலக வேண்டும். மே, ஜூன் மாதங்களில் கன்றோடு தாய் மூஸ் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் போய்விடாதீர்கள். அது பாதையை விட்டு நகரவில்லையென்றால் வந்த வழியே திரும்புங்கள். நான் அப்படித்தான் செய்வேன், யார் முணுமுணுத்தாலும் சரி.

வெஸ்ட்செஸ்டர் ஏரியில் உட்கார்ந்து சாப்பிடலாம். கோடையில் சிவந்த கழுத்து முக்குளிப்பான்கள் அங்கே கூடு கட்டியிருக்கும். பிறகு ஊருக்குள் ஏறி, 9-வது, 10-வது அவென்யூக்களுக்கு நடுவே நீளும் டெலானி பூங்கா வழியாகத் திரும்புங்கள். 1920களில் விமானம் இறங்கிய திடல் அது.

ஜூனில் பகல் 19 மணி நேரத்துக்கும் மேல் நீள்வதால் மாலை 6 மணிக்குக்கூடக் கிளம்பலாம். டிசம்பரில் ஐந்தரை மணி நேரம்தான் வெளிச்சம். பனியில் வழுக்காமல் இருக்க ஷூவில் ஆணிப்பட்டை கட்டாயம். எந்தக் காலத்திலும் காற்றைத் தடுக்கும் மேலங்கி வேண்டும்.

கால் தெம்பு உள்ளவர்கள் ஏரியிலிருந்து திரும்பாமல் எர்த்குவேக் பூங்காவரை போகலாம். அந்தப் பக்கம் டர்னகெய்ன் குடியிருப்பில் சுமார் 75 வீடுகள் 1964-ல் மண்ணோடு சரிந்தன. மேடும் பள்ளமுமான தரையின் மேல் இப்போது மரங்கள் வளர்ந்திருக்கின்றன. பாதை முழுவதும், அதாவது கின்கெய்ட் பூங்காவரை, 11 மைல். கடைசியில் நல்ல ஏற்றம். அங்கே முடிப்பதானால் காலையிலேயே ஒரு காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வாருங்கள்.