‘இதரச் செலவு’ என்று எழுதச் சொல்லாதீர்கள்: விசுவாசத்தோடு வியாபாரம் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கில், மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் இடையில், ஏ9 வீதிக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஹார்ட்வெயார், உரக்கடை, ஒரு அரிசி ஆலை. முதலாளிமாரில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். காசு மேசைக்கு மேலே மடு மாதா படம் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு வேத வசனம் தொங்கும். நான் பார்ப்பது மேசை லாச்சிக்குள் கிடக்கும் கொப்பியை. பல கடைகளில் சுவருக்கும் கொப்பிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. விசுவாசத்தைக் கடைக்குள் கொண்டுவர ஆசைப்பட்டு, கொண்டுவரும் வழியில் பிழை விடுகிறவர்கள். அந்தப் பிழைகளில் நான் அடிக்கடி காண்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

காணிக்கையால் கணக்கை நேராக்கப் பார்ப்பது ஒன்று. திருவிழாவுக்கு ஒலிபெருக்கிச் செலவு, கோயில் கூரைக்கு இருபது தகரம் என்று கை தாராளமாக நீளும். அதே மாதம் கடையில் நிற்கும் பொடியனுக்குப் பத்தாம் தேதி தாண்டியும் சம்பளம் போயிருக்காது. மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் இயேசு ‘கொர்பான்’ என்ற வழக்கத்தைக் கடிந்துகொள்கிறார். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை, ‘இது கடவுளுக்கு நேர்ந்தது’ என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் வழக்கம் அது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. ஆகவே முதலில் சம்பளம், அடுத்தது சேமலாப நிதி, பிறகு நாம் கொடுக்க வேண்டிய கடன். மிச்சத்தில்தான் தகரம்.

இன்னொன்று கேட்க இனிமையாக இருக்கும்: ‘இஞ்ச நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்தானே.’ இப்படிச் சொல்லும் முதலாளியிடம் நான் முதலில் கேட்பது ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎப்) இலக்கத்தை. பெரும்பாலும் இருக்காது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சம்பளத்தில் முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் பங்கு 8 வீதம். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதத்தையும் முதலாளியே கட்ட வேண்டும். ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் இது பொருந்தும்.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் எட்டு வருடம் மூட்டை தூக்கியவர், முதுகு வலி தாங்காமல் நின்றுகொண்டார். போகும்போது ஜெபம் பண்ணி, இருபதாயிரம் ரூபாயும் மனைவிக்கு ஒரு சேலையும் கொடுத்து அனுப்பினார்கள். எல்லாருக்கும் கண் கலங்கியது. நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். முதலாளி கட்டியிருக்க வேண்டிய 12 வீதம் மாதம் 3,600, மற்ற 3 வீதம் 900. மாதம் 4,500 வீதம் 96 மாதங்களுக்கு, வட்டி சேர்க்காமலே, 432,000 ரூபாய். சேலை எவ்வளவு நல்ல சேலையாக இருந்தால் என்ன?

ஊழியரின் 8 வீதத்தைச் சம்பளத்தில் கழித்துவிட்டு, அதைக் கட்டாமல் கடைக்குச் சாமான் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் சிலர் ‘கொஞ்சம் பிந்திப்போச்சு’ என்பார்கள். வேலையாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது (5:4) இதைத்தான்.

கூலிப் பேச்சு வந்தால் சிலர் மத்தேயு 20ஐ எடுத்து வைப்பார்கள். திராட்சைத் தோட்டத்துக்காரன் தன் காசை இஷ்டப்படி கொடுக்கவில்லையா, நான் ஏன் கணக்குச் சொல்ல வேண்டும் என்று. உவமையை முழுதாக வாசிக்க வேண்டும். முதலில் வந்தவனுக்குப் பேசிய கூலி ஒரு சதமும் குறையவில்லை. கடைசியில் வந்தவனுக்கும் ஒரு தெனாரி, அதாவது ஒரு குடும்பத்தின் அன்றைய அடுப்பு எரிவதற்கான நாட்கூலி. அதுவும் அன்று பின்னேரமே கையில். அந்த முதலாளி தன் உரிமையைக் கூடக் கொடுப்பதற்குப் பாவித்தான்; நம் ஆட்கள் குறைத்துக் கொடுப்பதற்குப் பாவிக்கிறார்கள். ஒரே வயலில் ஒரே வேலைக்குப் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி கொடுத்துவிட்டு இந்த உவமையைத் தூக்குபவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

தராசுக்கு வருவோம். ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’ என்ற நீதிமொழி நம் முதலாளிமார் எல்லாருக்கும் பாடம். தராசும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. பிழை கழிவில். காலபோக அறுவடை நேரம் மழை விடாது. நெல்லைக் காயப்போட இடமில்லாமல் வீதியோரத்தில் பரப்பிவிட்டு, முகிலைப் பார்த்தபடி நிற்பார்கள் விவசாயிகள். அந்த நேரம் பார்த்து, ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, ‘ஈரம், மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவு’ என்றால் மறுத்துப் பேச யாருக்குத் தெம்பு? நூறு மூட்டைக்கு இருநூறு கிலோ. தராசில் கை வைக்காமலே தராசைப் பொய்யாக்கிவிடலாம். நெல் சந்தைப்படுத்தல் சபை நெல் வாங்கும்போது பார்ப்பது 14 வீத ஈரப்பதம். ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கி, விவசாயியின் கண்முன்னே அளந்து, எத்தனை வீதத்துக்கு எவ்வளவு கழிவு என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். வசனத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டலாம்.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் குவேக்கர் கிறிஸ்தவ வியாபாரிகள் பேரம் பேசுவதையே விட்டுவிட்டு ஒரே விலை சொல்லத் தொடங்கினார்கள். ஒரு சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் பெரியவருக்குக் கொடுக்கும் விலையிலேயே கிடைக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். முதலில் வியாபாரம் படுத்தது, பிறகு அந்த நம்பிக்கையாலேயே ஆட்கள் தேடி வந்தார்கள். பிள்ளை வந்தால் மிச்சக் காசுக்கு ரொபி கொடுக்கும் கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடன் பெரிய சிக்கல். இங்கே விதைப்புக்குக் கடனில் உரம், அறுவடைக்கு நெல்லாகத் திருப்பித் தருவது என்று வாழ்க்கை ஓடுகிறது. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த பிறகு விளைச்சல் விழுந்தபோது, அந்தச் சங்கிலி நடுவில் அறுந்தது. அப்போது இரண்டு விதமான பிழையையும் பார்த்தேன். ஒரு முதலாளி, கடன்பட்டவரின் லான்ட்மாஸ்டரையே (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகாக வாங்காதே என்கிறது. அது ஒருவன் பிழைக்கும் கருவி. லான்ட்மாஸ்டரும் நீர்ப்பம்பியும் மீன்பிடி வள்ளத்து எஞ்சினும் நம் ஊர்த் திரிகைக் கற்கள். அதைப் பறித்தால் கடன் எப்படித் திரும்பும்? இன்னொரு முதலாளி ‘அன்பில் கணக்கு என்ன’ என்று கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். ஒரு வருடத்தில் கடை மூடியது, நாலு பேருக்கு வேலை போனது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னதும் (லூக்கா 14:28) நற்செய்தியில்தான் இருக்கிறது. மனம் இரங்குவதற்கும் ஒரு எல்லைத் தொகையை முன்கூட்டியே எழுதிவையுங்கள்: இந்தப் போகத்தில் இவ்வளவு திரும்பி வராவிட்டாலும் கடை நிற்கும் என்று. அந்தத் தொகைக்குள் தாராளமாக இருங்கள்.

மன்னிப்பிலும் இதே குழப்பம். காசு எடுத்த பொடியனைச் சந்தியில் வைத்து அவமானப்படுத்துவது ஒரு கோடி. மன்னித்துவிட்டேன் என்று அடுத்த நாளே லாச்சித் திறப்பைக் கொடுப்பது மறுகோடி. மன்னிப்பது வேறு, திறப்புக் கொடுப்பது வேறு. எடுத்ததைத் தவணையில் திருப்பித் தரட்டும், வேலையில் இருக்கட்டும், காசு மேசைக்கு வராமல் இருக்கட்டும்.

சில விசயங்கள் சுருக்கமாகவே போதும். வேலை கேட்டு வரும் சைவப் பிள்ளையிடம் ஞாயிறு சபைக்கு வரச் சொல்லாதீர்கள். பசியைக் காட்டிப் பெற்ற சம்மதம் விசுவாசம் ஆகாது. ஊரில் மனக்கசப்புத்தான் மிஞ்சும். அப்புறம், ‘ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்’. இல்லை என்று சொல்லத் துணிவில்லாதபோது கடவுளைக் காவலுக்கு நிறுத்தும் வசனம் இது. சாமான் கொண்டுவந்தவர் மூன்று கிழமை காத்திருப்பார். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொல்லி வேதத்தில் இருக்கிறது.

அந்த வசனம் கணக்குக் கொப்பிக்கும் சேர்த்துத்தான். பில் பாஸ் பண்ண யாருக்கோ கொடுத்த ஐயாயிரத்தை ‘இதரச் செலவு’ என்று போடச் சொல்வார்கள். நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஒரு முடிவு எடுக்கும்போது, அதை அதன் உண்மைப் பெயரில் கொப்பியில் எழுத முடியுமா என்று பாருங்கள். ‘இலஞ்சம் 5,000’, ‘மழையைப் பார்த்துப் பிடித்த நெல் 200 கிலோ’, ‘கட்டாத ஈபிஎப் 6,000’. எழுதக் கை வராவிட்டால் அந்த முடிவை இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

யுத்தத்துக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்த காலத்தில், ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகத்தான் கிடைத்தது. அடுத்த கட்டப் பணம் வரும்வரை சீமெந்தும் கம்பியும் கடனில்தான் எடுத்தார்கள். ஒரு ஹார்ட்வெயார் முதலாளி அந்தக் கடனுக்கு இரகசியமாக விலையைக் கூட்டி எழுதியிருந்தார். போன வருடம் பழைய கொப்பியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். வேதத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான், தன்னால் எடுத்த அளவுதான் முடியும் என்றார். பதினொரு பெயர். ஏழு பேரின் வீட்டுக்குத் தானே சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு அம்மா வாங்க மறுத்து, பிறகு பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு என்று வாங்கினாவாம்.

“ஐயா, இதை என்னெண்டு எழுதிறது? இதரச் செலவு எண்டு போடட்டோ?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. கூட எடுத்த காசு எண்டே எழுதுங்கோ.”

எழுதினேன். மற்ற நாலு பேரும் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.