கோல் கம்பத்துக்கு இந்தப் பக்கம்: கோலியாக ஆடியவர் கோச் ஆவது எப்படி?

கால்பந்தில் 14 வருடம் கோலியாக, அதாவது கோல்கீப்பராக, கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றேன். வலது தோள்பட்டை இரண்டாவது முறை விலகியபோது 32 வயதில் க்ளவுஸைக் கழற்றிவிட்டேன். இப்போது சேலத்தில் விடியற்காலை பிள்ளைகளுக்கு கோல்கீப்பிங் சொல்லித் தருகிறேன். ஆட்டத்தை நிறுத்திய கோலிகள் பலர் "நாமளும் கோச் ஆகலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக ஆகலாம். இனிமேல் பந்தைப் பிடிப்பது பிள்ளைகளின் வேலை, அடிப்பது உங்கள் வேலை. இது மனதில் பதிந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பையனின் இடது முழங்காலுக்கு ஓரடி தள்ளி, தரையோடு, அவன் வயதுக்கு ஏற்ற வேகத்தில் பந்து போக வேண்டும். அதுவும் தொடர்ந்து இருபது தடவை. நான் அடித்ததில் பாதி அவன் நெஞ்சுக்கு நேராகப் போனது, மீதி வெளியே போனது. பந்து தப்பான இடத்துக்குப் போனால் பிள்ளை தப்பான பாடத்தைத்தான் கற்றுக்கொள்ளும். ஆகவே இரண்டு மாதம் சாயங்காலத்தில் தனியாகப் போய், இரண்டு செங்கல்லை ஒரு முழ இடைவெளியில் வைத்து, பத்து மீட்டரிலிருந்து ஒவ்வொரு காலிலும் ஐம்பது பந்து அடித்தேன். நீங்களும் கோச் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன் இதைச் செய்யுங்கள். டி லைசென்ஸும், கோல்கீப்பர் பயிற்சிக்கென்று தனியாக இருக்கும் லெவல் 1 படிப்பும் அவசியம்தான். ஆனால் கால் பழகுவதற்கு அங்கே நேரம் போதாது.

அடுத்தது விழுவது. இதில் நான் செய்த தவறை நீங்கள் செய்துவிடாதீர்கள். ஏப்ரல் மாதம் நம் ஊர்ச் செம்மண் தரை காய்ந்து ஓடு மாதிரி இருக்கும். முதல் வாரமே பிள்ளைகளை டைவ் அடிக்கச் சொன்னேன். நான் சின்ன வயதில் அப்படித்தான் கற்றேன் என்ற நினைப்பு. மறுநாள் கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு பையனின் அம்மா வந்தார். "மாஸ்டர், ராத்திரி பூரா புள்ளையால ஒருக்களிச்சுப் படுக்க முடியலைங்க" என்றார். இடுப்பெலும்பு மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அவர் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிலிருந்து முறையை மாற்றிவிட்டேன். முதலில் மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, தென்னை நார்த்தூளைக் கொட்டி, கட்டில் அகலத்துக்கு ஒரு மெத்தென்ற இடம் செய்துகொள்ளுங்கள். பிள்ளை முதல் வாரம் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் சாயட்டும். இரண்டாம் வாரம் முட்டி போட்டு, பிறகு குந்தி, கடைசியாக நின்று. தொடையின் வெளிப்பக்கம், இடுப்பின் சதைப்பகுதி, தோள்பட்டையின் பின்பக்கம் என்ற வரிசையில் உடம்பு தரையில் பட வேண்டும். முழங்கையோ வயிறோ முதலில் படக்கூடாது. ஒரு கை பந்துக்குப் பின்னால், இன்னொரு கை பந்துக்கு மேலே. தரைதான் பந்தைப் பிடிக்கும் மூன்றாவது கை. ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை, அவசரப்படாதீர்கள்.

இன்னொன்று, கம்பத்தின் அளவு. பெரியவர்களின் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பதினோரு வயதுப் பிள்ளையை அதில் நிறுத்தி, தலைக்கு மேல் போகும் பந்துக்குத் திட்டுவது அநியாயம். இரண்டு குச்சி நட்டு அகலத்தைக் குறையுங்கள், மேலே கயிறு கட்டுங்கள்.

யாரைக் கோலியாக எடுப்பது என்பதிலும் பழைய பழக்கத்தை விட வேண்டும். ஓட முடியாதவனைக் கம்பத்துக்கு நடுவில் நிறுத்துவது தெரு ஆட்டத்தோடு போகட்டும். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற நம் அணியின் கோலி பீட்டர் தங்கராஜ், ராணுவ அணியில் சென்டர் ஃபார்வர்டாக ஆடத் தொடங்கியவர். பிறகு அவரும் கோச் ஆனார். துடிப்பான கால் உள்ள பிள்ளையைக் கேளுங்கள். 1992இலிருந்து சொந்த அணிக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கையால் தொட முடியாது. கால் பழகாத கோலிக்கு இன்று இடமில்லை. கையில் பந்தை எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்பது 2025இல் வந்த விதி. பயிற்சியில் சத்தமாக எண்ணிப் பழக்குங்கள்.

வருடத்துக்கு ஒரு முறையாவது பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வேறு ஆட்டம். பனிமூட்டத்தில் பந்து திடீரென்று தெரியும், ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு வரும். அங்கே எல்லாவற்றையும் பிடிக்க நினைக்காமல், பக்கவாட்டில் தட்டிவிடப் பழக்கலாம். க்ளவுஸில் ஒட்டும் சேற்றை அன்றே கழுவி நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும்.

மேட்ச் அன்று புதிதாக எதுவும் சொல்லித் தராதீர்கள். கோல் விழுந்த பிள்ளை ஓரக்கோட்டில் நிற்கும் உங்களைத்தான் முதலில் பார்க்கும். அந்த நொடியில் தலையில் கை வைக்காதீர்கள். "அடுத்த பந்து, கண்ணு" என்று சொன்னால் போதும். எங்கே நின்றான், கால் எப்போது நின்றது என்பதெல்லாம் இரண்டு நாள் கழித்து, நடந்துகொண்டே பேசலாம். வார்ம்-அப்பில் கடைசியாக அடிக்கும் பந்து மட்டும் கடினமாக இருக்கக்கூடாது. நெஞ்சுக்கு நேராக, இரண்டு கையிலும் போய் உட்காருகிற மாதிரி ஒன்றைக் கொடுத்து உள்ளே அனுப்புங்கள்.